நூறு சொட்டு மருந்து

வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பவனுக்குப் பெரிய சிக்கல், அவை சிலவாக இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பருந்துக்குப் பஞ்சாரம் உண்டு. கீரிக்கு ஓட்டையில்லாத கூடு உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தைத் தவிர வேறு வழியில்லை. வந்துவிட்டால் கூடே காலியாகிவிடும்.

இம்முறை அடை வைத்த 21ஆம் நாள் 9 குஞ்சுகள் பொரிந்தன. ஏழாம் நாள் ஒவ்வொன்றின் கண்ணிலும் ஒரு சொட்டு விடவேண்டும். கடையில் கிடைத்த மிகச்சிறிய குப்பியோ 100 குஞ்சுகளுக்கானது. கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்தாலும் ஓரிரு மணி நேரமே அதற்கு வீரியம். விலை சொற்பம்தான் (பனிக்கட்டிக்கு அலைந்தது தனிக்கதை). ஆனாலும் 91 சொட்டைச் சாக்கடையில் ஊற்ற மனம் ஒப்பவில்லை. தவிர, அடுத்த வீட்டில் நோய் கண்டால் என் வேலி அதைத் தடுக்கப்போவதுமில்லை.

எங்கள் கோழிகள் கீரைப்பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து அந்த வீட்டு அக்கா எங்களோடு பேசுவதில்லை. விடியுமுன் அவர்கள் வீட்டுப் படலருகே நின்று விஷயத்தைச் சொன்னேன். பதிலேதும் சொல்லாமல் உள்ளே போனவர், ஒரு கூடையோடு திரும்பி வந்தார். ஏறக்குறைய அதே வயதில் 11 குஞ்சுகள். அவரே ஒவ்வொன்றாகப் பிடித்துத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். முடிந்ததும், "மேலத்தெரு அத்தை வீட்டுலயும் பொரிச்சிருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிருங்க தம்பி" என்றார்.