அமெரிக்க உருண்டையும் நம் வீட்டுப் பரங்கியும்

அமெரிக்காவில் இருக்கும் தன் மகள், அங்கே இலையுதிர் காலம் வந்தால் பூசணிக்காயில் ஓர் உருண்டை செய்கிறாள், அதை ஓவனில் சுடவே வேண்டாமாம் என்று ஒரு வாசகி கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருக்கிறார். தங்கள் கொல்லையில் விலைபோகாமல் கிடக்கும் பரங்கிக்காயில் அதைச் செய்ய முடியுமா, செய்து விற்கலாமா என்பது அவர் கேள்வி. முதல் கேள்விக்கு, செய்யலாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பண்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளானின் பெயர். அதன் உருவத்தில் உருட்டிய சாக்லேட்டுக்கும் அதே பெயர் வந்தது. அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். இந்த இரண்டு மாதமும் அங்கே பூசணிக்காய்க் காலம். பூசணிக் கூழ், கிரீம் சீஸ், பிஸ்கட் தூள், சர்க்கரை, கொஞ்சம் மசாலா ஆகியவற்றைக் கலந்து குளிர்பெட்டியில் இறுக வைப்பார்கள். பிறகு உருட்டி, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி எடுத்தால் பூசணி ட்ரஃபிள்.

அந்த மசாலா என்ன தெரியுமா? பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. இவற்றோடு ஆல்ஸ்பைஸ் என்ற ஜமைக்கா மிளகையும் சிலர் சேர்ப்பார்கள். இந்தக் கலவையைப் பொடியாக்கி மெக்கார்மிக் என்ற நிறுவனம் 1934-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்பு, புவிசார் குறியீடு பெற்றது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக ஜாதிக்காய் வைத்திருக்கிறார்கள். ஆக, மசாலா நமக்குப் புதிதில்லை.

காயும் புதிதில்லை. அங்கே குடைந்து விளக்கு வைக்கிற ஆரஞ்சு நிறப் பூசணி, குக்கர்பிட்டா பெப்போ என்ற இனம். டின்னில் அடைத்து வருகிற கூழோ பெரும்பாலும் டிக்கின்சன் என்ற ரகத்தில் இருந்து எடுப்பது. இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றி அது அதிகம் விளைகிறது. அதன் இனம் குக்கர்பிட்டா மோஸ்கேட்டா. நம் பரங்கியும் அதே இனம்தான். தஞ்சை, விழுப்புரம் பக்கம் பரங்கி என்கிறோம். கொங்கு நாட்டில் அரசாணிக்காய். வேறு பல ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. இந்தக் காய்க்குப் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள்.

ஐப்பசி மழையும் ஏறாத வண்டியும்

ஆடிப் பட்டத்தில் ஊன்றிய பரங்கி, ரகத்தைப் பொறுத்து 125 முதல் 175 நாளில் முடியும். அதாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் முற்றி நிற்கும். அமெரிக்காவின் பூசணிக் காலமும் ஏறக்குறைய அதேதான். அங்கே குளிர்ந்து காய்கிற பருவம். இங்கே கொட்டித் தீர்க்கிற பருவம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் விவசாயிக்கு அது பெரிய வித்தியாசம்.

ஓர் ஐப்பசியில் எங்கள் வட்டாரத்தில் அரை ஏக்கர் பரங்கி போட்ட ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். முன்பணம் கொடுத்த வியாபாரி மழையைக் காரணம் சொல்லி வண்டி அனுப்பவில்லை. வேறு ஆள் கேட்ட விலை, வெட்டுக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. அந்தக் காசை நம்பித்தான் அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டுவதாக இருந்தார்கள். திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் 120 காய் வரை கிடந்தது. மீதி இன்னும் கொடியில்.

"வீட்டுக்குச் சமைக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இதை யாரு சார் திம்பா? ஒரு நாள் கூட்டு வெச்சா மறுநாள் பிள்ளைங்க தட்டையே தள்ளிவிடுதுங்க. அத்தை மாட்டுக்குப் போடச் சொல்றாங்க" என்றார் அந்த அம்மா. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பெட்டிக்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பாக்கெட் தின்பண்டம்.

வேளாண்மை படித்து இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கும் எனக்கு, விலை விழுந்ததைவிட இதுதான் உறுத்தியது. சந்தை ஒரு காயை வேண்டாம் என்றால், அதை விளைவித்த வீடும் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுகிறது. மலிந்த காய் மட்டமான காய் என்று ஆகிவிடுகிறது. பரங்கியின் மஞ்சள் நிறமே பீட்டா கரோட்டின். உடம்பில் அது வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. கண்பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டும். கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ கடலையோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் அது உடம்பில் நன்றாகச் சேரும். உருண்டையாகச் செய்வதில் உள்ள நன்மை இதுதான்.

அன்றைக்கு அவர்கள் அடுப்பிலேயே ஒரு காயை அறுத்துச் செய்து பார்த்தோம்.

நம் வீட்டுப் பக்குவம்

நம் ஊர் வெயிலுக்குச் சாக்லேட் மேல்பூச்சு நிற்காது. 30 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும். கிரீம் சீஸ் எல்லா ஊரிலும் கிடைக்காது. அந்த இடத்தில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் போதும்.

தேவையானவை: நன்கு முற்றிய பரங்கி 1 கிலோ, பொட்டுக்கடலை மாவு 150 கிராம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை 150 கிராம், பொடித்த வெல்லம் 150 முதல் 200 கிராம், நெய் 2 தேக்கரண்டி, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. மேலே புரட்ட வறுத்த எள் அல்லது உலர்ந்த தேங்காய்த் துருவல்.

முதலில் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை அப்படியே எருக்குழியில் போட்டுவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருளால் வரும் கசப்பு அது. வேகவைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

தோல், விதை, குடல் போனால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சதை நிற்கும். தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள். பரங்கிச் சதையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். மேலும் தண்ணீர் ஏற்றினால் அதை வற்ற வைக்க விறகுதான் வீண். வெந்ததை மசித்து, அடி கனமான வாணலியில் நெய் விட்டுக் கிண்டுங்கள். கால் கிலோ அளவுக்குச் சுண்ட வேண்டும். துடுப்பால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். மிதமான தீயில் அரை மணி நேரம் பிடிக்கும்.

இப்போது வெல்லத்தைப் போட்டால் மறுபடி இளகும். பயப்பட வேண்டாம், வாணலியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்டி, உப்பும் பொடித்த மசாலாவும் சேர்த்து இறக்குங்கள். கைச்சூடு வந்தபிறகு இரண்டு மாவையும் கலந்து பிசைந்து, சின்ன எலுமிச்சை அளவில் உருட்டி எள்ளில் புரட்டுங்கள். 25 முதல் 30 உருண்டை வரும். ஒட்டினால் இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு.

மூன்று எச்சரிக்கை. வேர்க்கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஜாதிக்காய் சிட்டிகைக்கு மேல் வேண்டாம்; அதிகமானால் மயக்கம் தரும். பட்டை வாங்கும்போது மெல்லிய ஏடுகள் சுருட்டுபோல அடுக்காக இருக்கும் சுருள்பட்டையாகப் பாருங்கள். தடித்து ஒற்றைச் சுருளாக இருப்பது கேசியா. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் சாப்பிட ஏற்றதல்ல.

விற்கலாமா?

அந்த வீட்டுச் சின்னவள் மூன்று உருண்டை தின்றுவிட்டு நான்காவதுக்குக் கை நீட்டினாள். அவள் அம்மா உடனே கேட்டார்: "சார், இதையே செஞ்சு வித்துட்டா என்ன?"

வாசகியின் இரண்டாவது கேள்வியும் இதுதான். மதிப்புக் கூட்டுங்கள் என்று மேடையில் சொல்வது எளிது. கணக்குப் போட்டால்தான் நிலைமை தெரியும். எவ்வளவு சுண்டினாலும் இந்த உருண்டையில் ஈரம் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் வெளியே ஒரு நாள்தான் தாங்கும். குளிர்பெட்டியில் மூடி வைத்தால் நான்கு நாள். அதற்குமேல் பூசணம். ஐந்து கிலோ காய் ஒன்றைக் கிண்டி முடிக்க ஒருவருக்கு அரை நாள் போகும். 130 உருண்டை வரும். அத்தனையும் மறுநாளைக்குள் விற்றாக வேண்டும். 120 காய்க்கு இது வழியாகாது. விசேஷத்துக்கோ பள்ளி விழாவுக்கோ யாராவது முன்கூட்டிச் சொன்னால் அன்றன்றைக்குச் செய்து கொடுக்கலாம். விற்பது என்று வந்துவிட்டால் சிறிய அளவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும்.

விதையைப் பற்றியும் கேட்பார்கள். கடையில் பச்சையாக விற்கும் பூசணி விதை, தோலில்லா விதை தரும் தனி ரகத்தில் கிடைப்பது. அல்லது இயந்திரத்தில் தோல் நீக்கியது. நம் விதைக்குக் கெட்டித் தோல் உண்டு. கழுவி, காயவைத்து, வறுத்து வீட்டில் கொறிக்கலாம்.

அப்படியானால் பரங்கியில் காசு எங்கே? காயைக் கெடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. நகம் இறங்காத அளவுக்குத் தோல் இறுகி, காம்பு காய்ந்த பிறகு அறுங்கள். நான்கு விரல் நீளம் காம்பு விட்டு அறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல் எடுத்து வாருங்கள். மழை படாத, காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் ஆற விடுங்கள். பிறகு மூங்கில் தட்டி அல்லது வைக்கோல் மேல், ஒன்றன்மேல் ஒன்று போடாமல் ஒரே அடுக்காக வையுங்கள். வெறும் சிமெண்ட் தரையில் வேண்டாம். வாரம் ஒருமுறை பார்த்து, காயம்பட்டதை உடனே எடுத்துச் சமைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கலாம். ஐப்பசிக் கடைசியில் அறுத்தது தைப்பொங்கல் வரை நிற்கும். பொங்கலுக்குப் பரங்கி இல்லாத கூட்டுக் குழம்பு ஏது?

அந்தக் குடும்பம் அப்படித்தான் செய்தது. 120-ல் இருபதுக்கு மேல் அழுகியது. பதினைந்து காய் வரை வீட்டிலேயே உருண்டையாகவும் குழம்பாகவும் போனது. மீதியைப் போகிக்கு முந்தின வாரச் சந்தையில் அவர்களே கீற்றுப் போட்டும் முழுசாகவும் விற்றார்கள். நகை திரும்பவில்லை, வட்டி கட்ட முடிந்தது.

அடுத்த பட்டத்துக்கு யோசிப்பவர்களுக்கு ஒன்று. கோ 1 ரகம் 7, 8 கிலோ காய்க்கும். முழுக் காயாக வாங்க இன்று ஆளில்லை. கோ 2 ரகம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் இரண்டு, மூன்று கிலோ. சின்னக் குடும்பங்கள் முழுசாக வாங்கிப் போகும் அளவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊன்றாமல் இரண்டு பகுதியாக, இருபது நாள் இடைவெளியில் ஊன்றுங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு காய்க்கும் அடியில் கொஞ்சம் வைக்கோலோ பனையோலையோ வையுங்கள். ஈர மண்ணில் பட்டு அழுகுவது குறையும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் செய்வதும் நம் பரங்கியின் இனம்தான். கொல்லையில் உள்ள காய்களில் காயம்பட்டதை முதலில் எடுத்து இந்த வாரமே ஒருமுறை கிண்டிப் பாருங்கள். நல்ல காயை அறுக்க வேண்டாம். அது பொங்கலுக்கு இருக்கட்டும்.