பழைய பெட்டியின் மதிப்பு

எங்கள் தந்தையார் வஃபாத்தான பின்னர், அன்னார் விட்டுச் சென்றவற்றைப் பங்கிட அமர்ந்தோம். தாயாருக்கு எட்டில் ஒன்று; எஞ்சியதில் ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பங்கு, பெண்மக்கள் இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. மார்க்கம் வகுத்த கணக்கில் குழப்பம் ஏதுமில்லை. வீட்டுக்கும் நிலத்துக்கும் விலை சொல்ல ஊரில் ஆள் உண்டு. பரண்மேல் கிடந்த மரப்பெட்டிக்குத்தான் விலை சொல்ல ஆளில்லை.

அப்பெட்டியில் ஒரு கைப்பிடிச் செப்புக்காசுகள், வெள்ளித் தண்டை ஒரு ஜோடி, பச்சைத் துணியில் சுற்றிய கையெழுத்து ஏடு ஒன்று ஆகியவை இருந்தன. எங்கள் முன்னோர் வத்தல்மலை அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர்கள். உப்பும் துணியும் தலைச்சுமையாக மலைக்கு ஏறும். புளியும் தேனும் சாமையும் இறங்கும். அவர்கள் விட்டுச் சென்ற பொருள்கள் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. ஏட்டை மட்டும், அரபு எழுத்தில் இருந்தமையால், ‘கிதாபு’ என்று கண்ணில் ஒற்றி வைத்துவிடுவோம்.

காசுகளை முதலில் அருங்காட்சியக அலுவலர் ஒருவரிடம் காட்டினோம். ஒருபுறம் யானை, மறுபுறம் எழுத்து. யானைக்கு மேலிருந்த எண்ணை 5121 என்றே நாங்கள் படித்து வந்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “வலமிருந்து இடமாகப் படியுங்கள், 1215” என்றார். திப்பு சுல்தான் 1787-ஆம் ஆண்டில் ஹிஜ்ரிக் கணக்கை விட்டு மவ்லூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்து, எண்களையும் வலமிருந்து பொறிக்கச் செய்தார். பொற்காசுகளுக்கு அஹ்மதீ, சித்தீகீ, பாரூகீ என்றும், வெள்ளி ரூபாய்க்கு இமாமீ என்றும் பெயர் சூட்டியவர் அவர். தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாகும் வரை அவர் ஆட்சியில்தான் இருந்தது.

“விலை சொல்வது எங்கள் வேலையன்று, இன்னதென்று சொல்வதே எங்கள் வேலை” என்றார் அவர். நூறாண்டு கடந்த பொருளும், எழுபத்தைந்தாண்டு கடந்த அரிய சுவடியும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும் எடுத்துரைத்தார். இன்னொன்றும் சொன்னார். பெருநாள்தோறும் புளியிட்டுத் துலக்கி வந்த எங்கள் பக்தியினால் காசுகளின் பழம்பூச்சும் எழுத்தின் கூர்மையும் போய்விட்டனவாம். பளபளப்பே அவற்றின் விலையைக் குறைத்துவிட்டது.

தண்டையைப் பத்தரிடம் கொடுத்தோம். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார், தராசில் இட்டார். செம்புக் கலப்பைக் கழித்து, உருக்கினால் தேறும் வெள்ளிக்கு ஒரு தொகை சொன்னார். இளைய சகோதரி அதனைத் தன் பங்கில் சேர்த்துக்கொள்ள விரும்பினாள்.

கடைசியாக ஏடு. அரபுத்தமிழ் அறிந்த முதிய ஆலிம் ஒருவரிடம் கொண்டுபோனோம். தமிழின் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டி, நம் மூதாதையர் மார்க்க நூலும் மடலும் கணக்கும் எழுதிய முறை அது. நம் பாட்டிமார் சரளமாகப் படித்ததை இன்று எழுத்துக்கூட்டவும் நம் இல்லங்களில் ஆளில்லை. ஆலிம் நான்கு பக்கம் புரட்டினார். “இது கிதாபு அல்ல, தம்பி; கடைப் பேரேடு” என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று.

தீர்ந்த கணக்குகளின் மேலெல்லாம் கோடு இழுத்திருந்தது. ஹிஜ்ரி 1294-ஆம் ஆண்டின் வரி ஒன்று மட்டும் கோடின்றி நின்றது: பெரியூர் பலாமரத்து வீட்டார், தண்டை ஒரு ஜோடி, கேழ்வரகு இரண்டு வள்ளம், அமானிதம்.

அது கி.பி. 1877. தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தை வாட்டிய காலம். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, பெண்ணின் காலில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து, உயிர் காக்கத் தானியம் வாங்கிப் போயிருக்கிறது. மீட்க வரவில்லை. வர உயிரோடு இருந்தார்களோ, என்னவோ!

அடகுப் பொருள் அடகு வைத்தவருக்கே உரியது; வாரிசுகளுக்குச் சேர்வது கடன் மட்டுமே. நான்கு தலைமுறையாக எங்கள் சீதனம் என்று எண்ணியிருந்தது எங்களுடையதன்று. பங்குப் பட்டியலிலிருந்து தண்டையை நீக்கினோம். நீக்கச் சொன்னவள் அந்த இளைய சகோதரியே.

இன்று வத்தல்மலைக்குச் சாலை உண்டு. சரிவெங்கும் காப்பியும் மிளகும் விளைகின்றன. பெரியூரில் பலாமரம் இல்லை. வீட்டின் பெயர் மட்டும் இருந்தது. அவ்வழியில் வந்தவர்களை ஊர்க்கவுண்டர் கூட்டிவைத்தார். பேரேட்டைப் படித்துக் காட்டினோம். தண்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து உள்ளே போய், வள்ளத்தில் கேழ்வரகு அளந்து வந்தார்.

“வேண்டாம் பாட்டி” என்றோம்.

“எங்க பாட்டி பட்ட கடன் பாய். வாங்கிக்கிட்டுக் கோட்டை இழுத்துடுங்க” என்றார்.

இரண்டு வள்ளம் பெற்றுக்கொண்டோம். அங்கேயே அந்த வரியின்மேல் கோடு இழுத்தோம்.

நம் இல்லங்களில் எவரும் படிக்காத ஏடுகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. பத்தரிடமும் வியாபாரியிடமும் போகுமுன், எழுத்துக்கூட்டத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் அவற்றைக் கொண்டுபோங்கள். அத்தகையோர் நம்மிடையே இருக்கும்போதே கொண்டுபோங்கள்.