செங்கல் எண்ணும்போது...

"ஆள் கடத்தல்" என்றதும் நமக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். கறுப்பு வேன், மயக்க மருந்துக் கைக்குட்டை! எங்கள் திண்டிவனம் பக்கம் அதெல்லாம் தேவையே இல்லை. மேஸ்திரி பட்டப்பகலில் வருவார். கையில் அட்வான்ஸ் பணம் இருக்கும். அவ்வளவுதான்.

விழுப்புரம் மாவட்டத்து இருளர் குடும்பங்கள் பல இப்படித்தான் செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டவும், கரிமூட்டம் போடவும் வெளியூர் போகின்றன. கடனுக்கு ஈடு வீடா, நிலமா? ஆள்தான்! கூலியில் கழிப்பார்கள், கணக்கு நோட்டு முதலாளியிடம். அரிசிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கியது மேலே ஏறும். அசல் அப்படியே நிற்கும். அப்பா கல் அறுக்க, பிள்ளை காயும் கல்லைத் திருப்பிப் போடும். பள்ளிக்கூடம்? அது ஊரில் இருக்கிறது!

அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கடன்பட்டவருக்குத்தான் இது தெரியாது! உலகம் முழுக்க 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக 2021-க்கான ஐ.எல்.ஓ. மதிப்பீடு சொல்கிறது. பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அமைத்துப் போராடியது நம் திண்டிவனத்தில்தான்.

நான் சிவில் படிக்கிறேன். நாளை சைட்டில் லோடு செங்கல்லை எண்ணி இறக்குவேன். தட்டி ஓசை பார்ப்பேன். உடைந்த கல்லைத் திருப்பி அனுப்ப நமக்கு அதிகாரம் உண்டென்றால், "எந்தச் சூளை, யார் அறுத்தது?" என்று கேட்கவும் உண்டுதானே? சூளையில் பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்தால் 1098-க்குப் போன் போடுவோம். குடும்பமே சிக்கியிருந்தால் சப்-கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவோம். எழுதத் தெரிந்தவர்கள் நாம்தானே!