ஆமைக்குப் பசிக்கலை, அதனால சாகலை

பங்குனி ஆமைன்னு ஒண்ணு இருக்குங்க. பேப்பர்காரங்க ஆலிவ் ரிட்லின்னு எழுதுவாங்க. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல பழவேற்காடு பக்கம் தை, மாசியில முட்டை போடக் கரையேறும். 2025 ஜனவரியில சென்னையை ஒட்டின கடற்கரைகள்ல ஆயிரத்துக்கும் மேல செத்து ஒதுங்கிச்சே, அதே ஆமைதான்.

அப்போ கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல் டீக்கடையில ஒரு பெரியவர், "கடல்ல மீன் ஏது தம்பி, பட்டினியில செத்திருக்கும்"னார். எனக்கு அது உறுத்திட்டே இருந்துச்சு. கோட் அடிக்கிறவனுக்கு ஆமை வயித்துல என்ன வேலைன்னு கேக்கப்படாது :-)

விஷயம் என்னன்னா, கடலாமைக்கு முட்டை போடுற சீசன்ல சாப்பாட்டு மேல பெருசா நாட்டம் இருக்காது. பச்சை ஆமை அந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட விரதமே இருக்கும். அதுக்கான சாப்பாட்டை முன்னாடியே முடிச்சிருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறினதும் கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிச்சிடும். சேத்து வெச்ச கொழுப்பைக் கரைச்சு எடுக்க கார்டிகோஸ்டீரோன் உதவும். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குப் பக்கமா போடணுமே, சும்மாவா?

வளர்ச்சியும் அப்படித்தான். வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்ட, அங்கேர்ந்து ஐஜிஎஃப்-1 கிளம்பி எலும்பையும் தசையையும் வளர்க்கும். ரத்தம் சூடில்லாத பிராணிங்கறதால தண்ணி குளிர்ந்தா பசியும் வளர்ச்சியும் சேர்ந்தே மந்தமாகும். வயசுக்கு வர பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும். அதுக்கப்புறம் உடம்பு வளர்றது ரொம்பக் குறைவு, தின்னதெல்லாம் முட்டைக்குத்தான்.

அப்போ செத்தது எப்படி? அறுத்துப் பார்த்த டாக்டர்கள் நுரையீரலைப் பார்த்துட்டு, மூச்சு முட்டி மூழ்கினதுன்னாங்க. சும்மா இருக்கிற ஆமை ரொம்ப நேரம் மூச்சடக்கும். இழுவலையில மாட்டித் துடிக்கிறப்போ ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துடும். சீசன்ல கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவைப் படகு வரக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல விதியே இருக்கு. வலையில ஆமை தப்பிக்க ஒரு கம்பிச் சட்டமும் மாட்டலாம்.

என்கூட படிச்ச பழவேற்காட்டுப் பையன்கிட்ட இதைச் சொன்னேன். "அந்த ஓட்டை வழியா எறாலும் போயிடும்டா, டீசல் காசை யார் தருவா?"ன்னான். நியாயமான கேள்வி. அந்த நஷ்டத்தை அரசாங்கம் ஈடுகட்டணும்னுதான் எனக்குத் தோணுது. அவன் ஒத்துக்கலை. "முதல்ல குடுக்கட்டும், அப்புறம் மாட்டுறோம்"னுட்டுப் போனை வெச்சுட்டான்.