அடுத்த லீவுல பாம்பன்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 160 கிலோமீட்டர் சொச்சம். காலை பாசஞ்சரில் ஏறினால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று நின்று நின்று போனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடலைத் தாண்டிவிடலாம். பழைய பாலம் இருந்த காலத்தில் டிக்கெட் ஆளுக்கு ஐம்பது ரூபாய்கூடக் கிடையாது. என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, "உன்னை ரயில்ல கடல்மேல கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று சொன்னேன். அவள் படித்து முடித்து, புனேயில் வேலை கிடைத்து, தோழிகளோடு வீடு பிடித்துக் குடிபோகும்வரை நான் கூட்டிப்போகவில்லை.

யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன், மார்ச் கணக்கு முடிப்பு, வீட்டுக்கடன். கேட்டவர்கள் "பாவம், பேங்க் வேலைன்னா சும்மாவா" என்று எனக்காக உச்சுக்கொட்டிப் போயிருக்கிறார்கள். அந்த உச்சுக்கொட்டலை வாங்கிக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

வங்கிக்காரர்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒன்று உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். டிக்கெட் செலவு வங்கியுடையது. வேண்டுமானால் இரண்டிரண்டு வருடமாகப் பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். ஊர் சுற்றுவதற்காகவே சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த சலுகை. போக விருப்பமில்லாதவர்கள் அதைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் பணமாகத்தான் மாற்றினேன். முதல் முறை வீட்டுக்கடனில் கட்டினேன். அடுத்த முறை ஸ்கூட்டர். அதற்கடுத்தது மகளின் கோச்சிங் வகுப்புக்கு. அந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டு, பயணத்துக்கு உண்மையாகச் செலவழித்தால் விலக்கு உண்டு. வாடிக்கையாளர்களுக்கு வரிச் சேமிப்பு பற்றி வகுப்பெடுத்த ஆள் நான். வரி கட்டி மிச்சம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் மாதம் பிறந்தால் மனைவி கேட்பாள், "இந்தத் தடவையாவது லீவு போட்டீகளா?" நான் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கேட்டேன், தரல" என்பேன். கேட்டதே இல்லை. என் மேலாளர்கள் பலர் நல்ல மனிதர்கள், கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். ஒருவர் கூப்பிட்டே சொன்னார், "ஏன்யா, உன் கணக்குல லீவு ரொம்பி வழியுது, எங்கயாவது போய்த் தொலையேன்." எங்களுக்கு பி.எல். என்கிற சம்பளத்தோடான லீவு ஒரு வரம்புவரைதான் சேரும். அதற்குமேல் வருவது காலாவதி. என் லீவு வருடா வருடம் காலாவதியானது. 2016 நவம்பரில், பழைய ஐந்நூறு ஆயிரம் செல்லாது என்று அறிவித்தபோது, நிஜமாகவே லீவு இல்லை. ராத்திரி பத்து மணிவரை நோட்டு எண்ணினோம். அந்த ஒரு நிஜத்தை வைத்து நான்கு வருடம் ஓட்டினேன்.

ஊர் சுற்றுவதில் ஆசை இல்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். என்னைப்போலத் திட்டம் போடத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ரயில்வே வெளியிடும் கால அட்டவணைப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன். நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எல்லாம் இருக்கும். ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சால்மர் பதினோரு நாள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள், திரும்பி வர விமானம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 2011இல் விட்டபோது அதற்கென்றே நான்கு பக்கம் ஒதுக்கினேன். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே நீளமான தடம், எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும், எங்கே சாப்பாடு வாங்கலாம் என்பதுவரை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நோட்டை விரித்தால் பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் கூட்டிக்கொண்டு போவேன், வாயாலேயே.

அந்த நோட்டின் முதல் பக்கம் பாம்பன். கிட்ட இருக்கிறதென்பதால் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எனவே எப்போதும் அடுத்த லீவு. 1914இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டர் நீளம், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் கை தூக்குகிறமாதிரி எழும்பும், ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறப்பார்கள், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள் என்று நான் அளந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மகள் குறுக்கே சொன்னாள்: "மெதுவாப் போகும்ப்பா. ரொம்ப மெதுவா. கீழ பார்த்தா பாலமே தெரியாது, தண்ணிதான் தெரியும்." எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எங்கயோ" என்றாள். பிள்ளை நிறையப் படிக்கிறாள் என்று ஆபீசில்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

ஒரே ஒருமுறை போனோம். 2016 மே, ஊட்டி, மூன்று நாள். எல்.எஃப்.சி.யில் இல்லை, பக்கத்து ஊருக்குப் போய் அதை வீணாக்கக்கூடாது என்று கேஷுவல் லீவில், கைக்காசில். மேட்டுப்பாளையத்தில் காலை ரயிலுக்கு ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. விடிவதற்கு முன்பே போய் முன்பதிவில்லாத பெட்டிக்கான வரிசையில் நின்றோம். வரிசையில் எங்கள் முறை வருவதற்குள் டிக்கெட் தீர்ந்துவிட்டது. நோட்டில் எழுதாத ஒன்று நடந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுன்டரில் கத்தினேன். வெளியே ஜீப்காரனிடம் பேரம் பேசி ஏமாந்தேன். பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

குன்னூர் வந்ததும் ஸ்டேஷனுக்குள் எட்டிப் பார்த்தோம். எங்களுக்குக் கிடைக்காத அந்த ரயில் அப்போதுதான் வந்து நின்றது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை செங்குத்தான ஏற்றம், தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அந்தக் கழற்றலைத்தான் என் மகன் பார்த்தான். ஒன்பது வயது. நீராவி சீறி அவன் முகத்தில் ஈரம். ஒரு தொழிலாளி இரும்புக் கொக்கியைத் தூக்கிப் போட்ட சத்தத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். என் நோட்டில் "11.30 சிம்ஸ் பூங்கா" என்றிருந்தது. "டைம் ஆச்சு, வா" என்றேன். "இருப்பா, இன்ஜின் இப்ப திரும்பும்" என்றான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். சாதாரணமாக இழுக்கவில்லை. ஜீப்பில் ஏறியதும் அவன் மணிக்கட்டில் என் நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவன் அழவில்லை. அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். சிம்ஸ் பூங்காவில் பதினொன்றரைக்குச் சரியாக இருந்தோம்.

அன்றைக்கே எனக்குத் தெரியும், ஏன் லீவு கேட்பதில்லை என்று. கிளையில் நான் கண்ணாடிக் கேபின், எழுந்து நிற்கும் ஆட்கள், கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஃபைல். வீட்டில் எல்லாம் தெரிந்த அப்பா. மேட்டுப்பாளையத்தில் டிக்கெட் கிடைக்காமல் கத்துகிற நடுத்தர வயது ஆள். ஜெய்ப்பூரில் இந்தி தெரியாமல் ஆட்டோக்காரனிடம் விழிக்கப்போகிற ஆள். அந்த ஆளைப் பிள்ளைகள் பார்த்துவிடக்கூடாது. நோட்டுக்குள் போகிற பயணத்தில் ரயில் தவறாது, யாரும் ஏமாற்றமாட்டார்கள், அப்பா எப்போதும் அப்பாவாகவே இருப்பார். காசு மிச்சம் பிடித்தேன் என்பதுகூட நான் எனக்கே சொல்லிக்கொண்ட கௌரவமான பொய்தான்.

காலமும் நான் நினைத்த அளவு இல்லை. பதினெட்டு வயதுவரை பிள்ளைகள் நம்மோடுதானே என்று கணக்குப் போட்டிருந்தேன். வட்டிக் கணக்கு தெரிந்தவனுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. நம் ஊரில் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வருவார்கள். ஒன்பதாவது முடிந்த மே மாதமே பத்தாவது பாடம் தொடங்கிவிடும். என் மகள் காலத்தில் பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு வந்துவிட்டது. மூன்று வருடம் வரிசையாகப் பரீட்சை. காலாண்டு லீவில் ஸ்பெஷல் கிளாஸ், அரையாண்டு லீவில் ரிவிஷன் டெஸ்ட். யோசித்துப் பார்த்தால் கையில் இருந்தது ஏழெட்டு கோடை விடுமுறைகள். அதில் முழங்கால் வலியோ வாந்தியோ இல்லாமல் பெரியவர்களும் சின்னவர்களும் சேர்ந்து போகக்கூடியது நாலோ ஐந்தோ.

கடைசியில் 2020இல் ஒரு வேகம் வந்தது. அப்போது ரயில் டிக்கெட் 120 நாள் முன்பே எடுக்கலாம். காலை எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மே மாதத்துக்கு ராஜஸ்தான் எடுத்துவிட்டேன், நான்கு பேருக்கும் கன்ஃபர்ம். மார்ச்சில் ஊரடங்கு. ரயில்கள் ரத்து, முழுப் பணமும் கணக்கில் திரும்ப வந்தது. வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். நானும் தொங்கப்போட்டேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. உலகமே அடைந்துகிடந்த நேரத்தில் நிம்மதிப்பட்டவன் என்று இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. அடுத்த வருடம் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள்.

2022 டிசம்பரில் அவள் செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தாள், மகனுக்கும் அரையாண்டு விடுமுறை. சரி, பாம்பனாவது போவோம் என்று கிளம்புகிற நேரத்தில் பழைய பாலம் ரயிலுக்கு லாயக்கில்லை என்று மூடிவிட்டார்கள். ரயில் மண்டபத்தோடு நின்றது. பஸ்ஸில் போயிருக்கலாம், 1988இலிருந்து பக்கத்திலேயே சாலைப்பாலம் இருக்கிறது. "ரயில்ல போகத்தானே பிளான், பாலம் கட்டட்டும்" என்று நான் சொன்னேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை.

புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். அதற்குள் மகனும் கோயம்புத்தூர் போய்விட்டான். மே மாதம் நானும் மனைவியும் மட்டும் போனோம். இந்தமுறை லீவு கேட்டேன். மேலாளர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், தலையைத் தூக்காமலே சரி என்றார். அவ்வளவுதான் அது.

உச்சிப்புளி தாண்டியதும் என்னால் இருப்புக்கொள்ளவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். "லீவு தரலன்னு சொன்னதெல்லாம் பொய். நான் கேட்கவே இல்ல."

அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "தெரியும். மாசாமாசம் சம்பளச் சீட்டு கொண்டுவந்து கொடுப்பீகள்ல, ஃபைல்ல வைக்கச் சொல்லி. அதுல அடியில பி.எல். பேலன்ஸ் போட்டிருக்கும்."

வண்டி பாலத்தில் ஏறியது. இந்தப் பாலத்தில் நடுத்தட்டு 72.5 மீட்டர் நீளம், அப்படியே நேராக மேலே எழும்பும் என்று நான் ஆரம்பித்தேன், பழக்கதோஷம். பக்கத்தில் பழைய பாலம் துருவேறி நின்றது. அவள் அதைக் காட்டினாள்.

"அதுல நாங்க போயிருக்கோம். பரமக்குடில அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, 2012ல. எங்க அப்பாதான் டிக்கெட் எடுத்தாரு. சின்னவன் அவர் மடியிலயே தூங்கிட்டான். இவதான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தித் தீர்த்துட்டா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தீக. போயிட்டு வந்துட்டோம்னு தெரிஞ்சா வருத்தப்படுவீகன்னு, அப்பாகிட்டச் சொல்லாதடின்னு நான்தான் சொன்னேன்."

அப்போது மகளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை நோட்டை விரித்திருப்பேன்.

ராமேஸ்வரத்தில் இறங்கி, அறைக்குப் போய், சாயங்காலம் மகளைக் கூப்பிட்டேன். கேட்டுவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். அதற்குள் அவளே, "எப்படிப்பா இருந்துச்சு பாலம்? சொல்லுங்க" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கடல் எந்த நிறம், காற்று எப்படி, கீழே பார்த்தால் என்ன தெரியும் என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.