கீறல் விழாத வரைக்கும்!

மெக்கானிக்கல் படிக்கிற எனக்குக் கடல் பாசி மேல காதல் வந்த கதை இது. சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ்... எல்லாத்துக்கும் காரணம் ஒரு அரியர்!

மூணாவது செமஸ்டரில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர் புட்டுக்கிச்சு. கோவையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருக்கும் அப்பாவிடம், "எல்லாம் பாஸுங்கப்பா" என்று அளந்துவிட்டேன். சின்னப் பொய்தானே! ஆனால், அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, லீவுக்குக்கூட ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே கிடந்தேன்.

இந்த செமஸ்டர் செமினாருக்கு ஸ்டீல், அலுமினியம் என்று நல்ல தலைப்புகளை எல்லாம் முதல் பெஞ்ச் அள்ளிக்கொண்டது. "நீ இயற்கையில இருந்து ஒரு மெட்டீரியல் எடுப்பா" என்றார் மேடம். லைப்ரரியில் தேடியபோது சிக்கியதுதான் 'புல் கெல்ப்'.

அலாஸ்கா முதல் கலிஃபோர்னியா வரை, பசிபிக் கடலின் குளிர்ந்த கரையோரப் பாறைகளில் வளரும் பழுப்புப் பாசி இது. வேர் கிடையாது. வேர் மாதிரி தெரிவது பாறையைக் கவ்விக்கொள்ளும் பிடிப்பு மட்டும்தான். சத்தைத் தண்ணீரிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ளும். கயிறு மாதிரி நீளமான தண்டு, அதன் உச்சியில் வாயு நிரம்பிய ஒரு பந்து, பந்திலிருந்து ரிப்பன் ரிப்பனாக இலைகள். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் உண்டு. ஆமா பாஸ், நம்ம பைக் புகையில் வருமே, அதேதான்! பந்து மிதப்பதால் இலைகளுக்கு வெயில் கிடைக்கிறது.

கண்ணுக்கே தெரியாத அளவில் ஆரம்பித்து, ஒரே பருவத்தில் 30 மீட்டர் வரைகூட வளரும். பத்து மாடி உயரம்! குளிர்காலப் புயலில் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதற்கு முன்பே வித்துத் திட்டுகள் இலையிலிருந்து கழன்று, தாய் நின்ற இடத்தின் பக்கத்திலேயே மூழ்கி, அடுத்த தலைமுறைக்கு இடம் பிடித்துவிடும்.

இத்தனை அலையில் அது எப்படி நிற்கிறது? 1977-ல் கோயல், வெயின்ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தண்டை இழுத்துப் பார்த்தார்கள். ஸ்டீலோடு ஒப்பிட்டால் பலம் ரொம்பக் கம்மி. ஆனால் அறுவதற்கு முன் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளும். அலையை எதிர்த்து முறைப்பதில்லை. அதோடு போய், இழுபட்டு, திரும்பச் சுருங்கிக்கொள்ளும்.

அப்படியானால் எங்கேதான் அறும்? பெரும்பாலும், பாறையில் உரசிய இடத்தில். அல்லது கடல் முள்ளெலி கடித்த இடத்தில். ஒரு சின்னக் கீறல் போதும்!

காட்டுக்கும் அதே கதிதான். 2013-ல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்து, முள்ளெலிகளைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 2014 முதல் 2016 வரை கடல் சூடேறியது. பாசி சோர்ந்துபோன நேரத்தில் ஊதா முள்ளெலிகள் பெருகி மேய்ந்து தீர்க்க, வடக்கு கலிஃபோர்னியாவில் 90 சதவீதத்துக்கும் மேல் புல் கெல்ப் காடு காலி.

செமினாரில் இதைச் சொல்லி முடித்தபோது கைதட்டினார்கள். எனக்குத்தான் உள்ளுக்குள் எதுவோ உரசியது. அன்று ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா... ஒரு பேப்பர் அரியருங்கப்பா. பொய் சொல்லிட்டேன்."

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எந்தப் பேப்பர் கண்ணு?" என்றார். சொன்னேன். பாசிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

"இதுக்குப் பாசி எதுக்கு? கீறல் விழுந்த ராடுதான் முதல்ல ஒடையும்னு நம்ம பட்டறையில வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே... சனிக்கிழமை வீட்டுக்கு வா."

பஸ் ஏறிவிட்டேன். பையில் அந்த அரியர் புத்தகம்!