நாற்பத்திரண்டு வயதில் நாங்கள் போட்ட கணக்கு

"இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அவர்களைக் கரையேற்றிய பிறகு 2018-ல் எனக்குக் கல்யாணம் நடந்தபோது வயது 36. இரண்டு தடவை நாள் தள்ளி, இரண்டும் தங்கவில்லை. 2024-ல், 42 வயதில், இனி காத்திருக்க நேரமில்லை என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். அதற்குப் பிறகுதான் நிஜமான கேள்விகள் வந்தன. எந்த ஆஸ்பத்திரி? எவ்வளவு ஆகும்? எதுவரைக்கும் செலவழிப்பது? இதையெல்லாம் யாரிடம் கேட்பது? எங்கள் லால்குடிப் பக்கம் இப்படி வைத்தியத்துக்குப் போனவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வாய் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன், சகோதரிகளே.

என் மாமியாருக்கு 'டெஸ்ட் ட்யூப் பேபி' என்றால் குழந்தை கண்ணாடிக் குழாயிலேயே வளரும் என்று எண்ணம். "அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலைடி" என்றார். உலகத்தின் முதல் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது வாஸ்தவம்தான். ஆனால் அதே வருஷம் அக்டோபரில் நம் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது! அவர் உயிரோடு இருந்தவரை யாரும் அவரை நம்பவில்லை என்பது தனி சோகக் கதை. முட்டையும் உயிரணுவும் சேர்வது மட்டும்தான் வெளியே; சில நாட்களில் கருவைத் தாயின் வயிற்றிலேயே வைத்துவிடுவார்கள் என்று விளக்கிச் சொன்ன பிறகு அவருக்குக் கொஞ்சம் சமாதானம்.

முதலில் சென்னையில் ஒரு பெரிய மையத்துக்குப் போனோம். குளிர்சாதன அறை, சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் எங்களை உட்கார வைத்து, "எங்க சக்ஸஸ் ரேட் எழுபது பர்சென்ட் மேடம், பேக்கேஜ் ஒண்ணே கால் லட்சம்தான்" என்றாள். என் கணவர் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுபவர். எண் என்றால் விடமாட்டார். "எழுபதுன்னா யாருக்கும்மா? இவங்க வயசுக்காரங்களுக்கா?" என்று கேட்டார். அந்தப் பெண் உள்ளே போய் விசாரித்து வந்தாள். எல்லா வயதுக்காரர்களையும், தானம் பெற்ற முட்டையில் செய்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்த கணக்காம் அது. அதுவும் ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தாலே வெற்றி என்று எழுதிக்கொள்கிறார்கள். குழந்தையோடு வீட்டுக்குப் போனது எத்தனை பேர் என்பதற்குப் பதிலே இல்லை. எனக்கு இரண்டு தடவை கர்ப்பம் என்றுதான் வந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஒண்ணே கால் லட்சத்திலும் ஊசி மருந்து சேரவில்லை, மயக்க மருந்து சேரவில்லை, கருவை உறைய வைத்துப் பாதுகாக்கும் செலவும் சேரவில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஊசியின் அளவு பெரும்பாலும் கூடுதல் என்பதால் அதுவே பெரிய தொகை. "மாதத் தவணையிலேயும் கட்டலாம், வட்டி இல்லே" என்றார்கள். என் கணவர் 'பிராசஸிங் கட்டணம்' என்ற வரியைக் கண்டுபிடித்து, தாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டி இல்லாமல் இல்லை, பெயர்தான் வேறே!

எங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பார்த்தோம். மலட்டுத்தன்மைக்கான சிகிச்சை, விலக்குகள் பட்டியலில் இருந்தது. பல பாலிசிகளில் அப்படித்தானாம். இப்போது வரும் சிலவற்றில் இதைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் வருஷக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். நாற்பத்திரண்டில் காத்திருப்பது எப்படி?

பிறகு திருச்சியில் ஒரு மையம். சின்ன இடம்தான். ஆனால் உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்கியது. 2021-ல் வந்த சட்டப்படி, கருத்தரிப்பு மையம் ஒவ்வொன்றும் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டும். அதில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று இருப்பதைக் கவனியுங்கள். முதல் நிலை மையத்தில் விந்தணுவைக் கர்ப்பப்பையில் செலுத்தும் சிகிச்சை மட்டும்தான் செய்யலாம். வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். வேண்டுமென்றால் இரண்டாம் நிலைதான். பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது வரை என்பதும் அதே சட்டம். 'இன்னும் எட்டு வருஷம் இருக்கே' என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் சட்டத்தின் வயது வேறு, முட்டையின் வயது வேறு.

அதை எனக்குச் சொன்னவர் அந்த டாக்டர் அம்மாதான். பெண் குழந்தை பிறக்கும்போதே ஆயுளுக்கும் உள்ள முட்டைகளோடு பிறந்துவிடுகிறதாம். புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. வருஷம் ஆக ஆக எண்ணிக்கை குறைவது மட்டுமில்லை, இருப்பதிலும் குரோமோசோம் கோளாறு உள்ளவை அதிகமாகிவிடுகின்றன. கரு தங்காமல் போவதற்கு அதுதான் முக்கிய காரணம். "நீங்க மாடிப்படி ஏறினதாலேயோ, பப்பாளி தின்னதாலேயோ இல்லேம்மா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருஷமாக அந்தப் பப்பாளியை நான் சுமந்துகொண்டிருந்தேன்.

ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, மாதவிலக்கான இரண்டாம் நாள் ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை எல்லாம் எனக்கு. அவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. செலவும் குறைவு, வலியும் இல்லை. இதற்கு மட்டும் ஆண்கள் ஏன் இத்தனை தயங்குகிறார்களோ! குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. என் கணவர் முகம் சுளிக்காமல் போய்வந்தார். அவருக்குக் குறை இல்லை. எனக்குத்தான் ஏ.எம்.எச். 0.6.

"உங்க முட்டையிலே செஞ்சா, நூத்துல பத்துப் பேருக்குக்கூட இந்த வயசிலே குழந்தை கைக்கு வர்றதில்லே. ஒரு தடவை முயற்சி பண்ணலாம். நாலு தடவை பண்ணுங்கன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். சுவரில் குழந்தைப் படம் எதுவும் இல்லாத அந்த அறையில் இதைக் கேட்டதும்தான், இங்கேயே பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கரு வளர்க்கும் நிபுணர் அங்கேயே தினமும் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொண்டோம். சில ஊர்களில் நிபுணர் வெளியூரிலிருந்து வரும் நாளுக்காகப் பல பெண்களைச் சேர்த்துச் செய்கிறார்களாம். என்னைப் போல் இரண்டு மூன்று முட்டைக்காரிகளுக்கு நாள் தவறினால் எல்லாமே போச்சு. தவிர, பத்து நாளில் ஐந்தாறு தடவை ஸ்கேனுக்குப் போக வேண்டும். சென்னை என்றால் லாட்ஜ் வாடகை, சாப்பாடு. திருச்சி என்றால் காலை ரயிலில் போய் மத்தியானம் வீட்டில் உலை வைத்துவிடலாம்.

பண விஷயத்தில் முதலிலேயே ஒரு கோடு போட்டோம். மூன்று லட்சம். என் கல்யாணச் சங்கிலி, தபால் ஆபீஸ் சேமிப்பு, அவருடைய போனஸ், எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். வீட்டுமனையைத் தொடுவதில்லை, கைமாற்று வாங்குவதில்லை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகினோம். சிரிக்காதீர்கள். ஆசுபத்திரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கையில் உள்ளதை எல்லாம் அவிழ்த்து வைக்கத்தான் மனசு துடிக்கும். கருப்பைக்குள் கீறிவிடுவது, சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தைச் சூலகத்தில் ஏற்றுவது என்று புதிது புதிதாகச் சொல்வார்கள். பலன் உறுதியாகாத சமாசாரங்கள். அந்தத் தாள்தான் எங்களைக் காப்பாற்றியது.

2025 தை மாதம் ஊசி ஆரம்பம். பதினோரு நாள். மூன்று முட்டை கிடைத்தது, இரண்டு கருவானது, ஒன்றுதான் வைக்கும்படி வளர்ந்தது. பதினாலாம் நாள் ரத்தம் கொடுத்தேன். இல்லை என்று வந்தது. மொத்தச் செலவு 1,78,000 ரூபாய். மூன்று நாள் நான் சமையலறைப் பக்கம் போகவில்லை. அவர்தான் ரசம் வைத்தார்.

அடுத்த வழி, வேறொரு பெண்ணின் தானமுட்டை. முட்டை இளையவருடையது என்றால் பலிக்கும் வாய்ப்பும் அந்த வயதுக்கு ஏற்றபடி பல மடங்கு கூடும். தானம் செய்பவருக்கு வயது 23-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான் தரலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்குப் பன்னிரண்டு மாத இன்ஷூரன்ஸ் நாம் கட்ட வேண்டும். பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் நடக்க வேண்டும், பேரம் பேசி வாங்குவது குற்றம். பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க நம்முடையது, சொத்துரிமை உள்பட.

சட்டம் சொல்லிவிட்டது. வீடு என்ன சொல்லும்? இதை மாமியாரிடம் மறைத்துவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். கடைசியில் அவர்தான் சொன்னார். அவர் அம்மாவிடம் மறைக்கத் தெரியாதவர். நான் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தேன். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, நம்ம நாத்து அழுகிப்போன வருஷம் அடுத்த வயல் நாத்தங்காலேர்ந்து பறிச்சு நடலியா? அறுப்பு அறுக்கறப்போ யாரு நெல்லுன்னு எவனாவது கேட்டானா?" என்றார். பிறகு, "எவ்வளவு கேக்கறான்?" என்றார்.

கேட்பது 2,40,000. எங்கள் கோட்டில் மீதி இருப்பது 1,22,000. மனையில் பாதியைக் கொடுத்துவிடலாம் என்று அவர் ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தார். நான் தாளை எடுத்துக் காட்டினேன். இது சொந்த முட்டையைப் போல மாதத்துக்கு மாதம் நழுவுகிற காரியம் இல்லை, ஆறேழு மாதம் பொறுக்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். பொறுப்பதற்கு ஒரு நிபந்தனை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த வயதில் பிள்ளை சுமக்க அதுதான் முதல் தேவையாம்.

மாமியார் தெருக்கோடி அம்மாளிடம் போட்டிருக்கும் சீட்டு தை மாதம் முடிகிறது. அதில் ஒண்ணேகால் லட்சம் வரும். அதுவரைக்கும் காலையில் வாய்க்கால் கரையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். தைராய்டு மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் தவறுவதில்லை. மருமகள் நடக்கப் போகிறாளா என்று பார்க்க மாமியார் ஐந்து மணிக்கே எழுந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்.